ஸ்டாப் இல்லாத இடம்

புளியமரம் நின்றுவிட்டது, காற்றில் பாதி சாய்ந்த கிளை சாய்ந்தபடியே, தரையில் கிடந்த நிழல் கிடந்தபடியே, பஸ்ஸின் உறுமல் மட்டும் ஒரே இடத்தில் ர்ர்ர்ரென்று இழுபட, எல்லாம் ஒரு மூச்சு நேரத்துக்கு அப்படியே நின்றது, பிறகு தாவியது, தாவிய தாவலில் வளைவையே காணோம், கத்தரியால் வெட்டி எடுத்த மாதிரி, பஸ் சாலையை விட்டு இறங்கி வாய்க்கால் கரையில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது. நாற்காலிக்குப் பின்னால் நின்ற வடிவு, ஒண்ணுமில்லப்பா, கம்ப்யூட்டர் கொஞ்சம் இழுக்கு, இருங்க சரி பண்ணுதேன் என்று குனிந்தபோது அப்பா திரையைப் பார்க்கவில்லை, மேஜையில் பூட்டிய ஸ்டியரிங்கின் மேல் கிடந்த தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதை வலது கையால் எடுத்து, அடுத்தவர் சாமானை எடுத்து வைக்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டார், கேம் கேட்கிறது, மறுபடி ஓட்டலாமா என்று திரையில் எழுத்து மினுங்குகிறது, அவர் மெதுவாக, குழறலாகச் சொன்னார், அது மறுபடியும் வருதுட்டி.

அது என்றால் எது என்று அந்த வீட்டில் யாரும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. மந்திரமூர்த்தி தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே அரசு பஸ் ஓட்டியவர், அந்தப் பாதையில் எந்த வீட்டு நாய் எந்த நேரத்தில் குறுக்கே வரும் என்பது வரைக்கும் தெரிந்தவர், ஸ்டாப்பில்தான் நிறுத்துவார், ஸ்டாப்புக்குப் பத்தடி முன்னால் மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவன் நின்று கையைக் காட்டினாலும் அந்தப் பத்தடியையும் கடந்து போய் நிறுத்தி, அவனைப் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வர வைப்பார், அதனால் கடையம் வட்டாரத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு, அது இங்கே வேண்டாம். அப்படிப்பட்டவர் ஒரு மத்தியானம், ஆழ்வார்குறிச்சி தாண்டிக் கடையத்துக்கு வரும் வழியில், புளியமரத்து வளைவில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் பஸ்ஸை ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டார். கண்டக்டர் தாவீது இன்றைக்கும் அதைச் சொல்வார், வண்டி நின்ன உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சும்மா, அண்ணாச்சி ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்துதாருன்னா அவருக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம், முன்னால ஓடிப் பாக்கேன், வாய் ஒரு பக்கமா இழுத்துக் கெடக்கு. பஸ் நிறைய ஆட்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியில் மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள், இடது கையும் காலும் போயின, பிறகு கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, பேச்சும் கொஞ்சம் குழறலோடு வந்தது, கை மட்டும் வரவில்லை. அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அவர் வீட்டில் சொன்னது இவ்வளவுதான், மரம் நின்னுச்சு, பெறவு தாவிச்சு, எடையில உள்ளதக் காணும். இப்போது கூடத்தில், திரையில், அதே மரம் நின்று, தாவி, இடையில் உள்ளதைக் காணோம். மெஷின்தாம்ப்பா, சத்தியமா மெஷின்தான் என்று வடிவு சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார், நீ என் சமாதானத்துக்குச் சொல்லுத, என் தலைக்குள்ள நடக்குறது எனக்குத் தெரியும்லா என்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கேமை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அந்தக் கைக்காகத்தான். பியூலா என்றொரு பெண் பயிற்சி கொடுக்க வருகிறாள், உத்தரத்தில் கயிறு கட்டி, இந்தக் கையால இழுங்க டாடி, அந்தக் கை தானா மேல போகும் என்று கெஞ்சுகிறாள், இந்த வயசுல ஊஞ்ச கட்டி விளையாடச் சொல்லுதியா தாயி என்று அவர் கண்ணை மூடிக்கொள்கிறார், வாசலில் செருப்பை மாட்டும்போது பியூலா வடிவிடம் தணிந்த குரலில், தோளு இறுகிக்கிட்டே வருதுக்கா, இன்னும் கொஞ்ச மாசம் இப்படியே விட்டா பெறவு என்ன செஞ்சாலும் தூக்க முடியாது, அவங்களா ஆசப்பட்டு அசைக்கணும் என்றாள். ஆசைப்பட்டு அசைக்கிற மாதிரி அவருக்கு உலகத்தில் என்ன இருக்கிறது என்று வடிவு யோசித்த அன்று மத்தியானம் அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்து, தூக்கத்தில் வலது கையால் காற்றில் ஒரு பெரிய வட்டத்தைப் பாதி திருப்பினார், திருப்பும்போது மடியில் கிடந்த இடது கையின் விரல் ஒன்று சுண்டியது, வடிவு பார்த்தாள், அம்மா பிரமுவும் பார்த்தாள். அப்புறம் திருநெல்வேலியில் யாரோ விற்ற பழைய கேம் ஸ்டியரிங் ஒன்று வந்தது, அதற்கு ஒரு பஸ் ஓட்டும் கேமும், அந்த கேமுக்குள் போட்டுக்கொள்ள, பஸ் பைத்தியம் பிடித்த சில பையன்கள் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் செய்த தென்காசி அம்பை ரோடும், மத்தளம்பாறை வயல், கடையம் ஸ்டாப், ஆழ்வார்குறிச்சிக் கோயில் மதில், சாலையோரத்துப் பதநீர்க் குடம் வரைக்கும் அதில் இருந்தன. கிளட்ச் மிதிக்க இடது கால் போதாது என்று தானே கியர் மாறுகிற மாதிரி வைத்தாள், கதவு திறக்கும் பட்டனை ஸ்டியரிங்கில் இடது கட்டைவிரல் படுகிற இடத்தில் வைத்தாள், அந்த விரல் அதை அமுக்கும் என்று நினைத்து அல்ல, ஒரு ஆசைக்கு, இப்போதைக்குக் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவளே கீபோர்டில்.

எல்லாம் சரி, கம்ப்யூட்டர்தான் பழசு. அண்ணன் துபாய் போகும்போது விட்டுப் போனது, புது விண்டோஸ் அதற்கு ஏறாது, வடிவு அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டு வைத்திருந்தாள், மத்தளம்பாறைப் பக்கம் வயலுக்கு நடுவே இருக்கும் மென்பொருள் கம்பெனியில் அவளுக்கு வேலை, அங்கே பழகிய கை. ஆனால் கேம் விண்டோஸுக்காகச் செய்தது, லினக்ஸில் நேராக ஓடாது, நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு கேம் சொல்வதையெல்லாம் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்ல வேண்டும், அதற்கு ஒயின் என்று பெயர், அம்மாவிடம் சொன்னதும், குடியக் கெடுக்கிற பேரு, அதான் வண்டி தள்ளாடுது என்றாள். இந்த லினக்ஸ்காரர்களின் உலகம் தனி உலகம், இன்டர்நெட்டில் கேட்டால் ஒருவர் இதை மாற்று என்பார், அடுத்தவர் மாற்றினால் தொலைந்தாய் என்பார், இரண்டு பேருமே என் வீட்டில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று சத்தியம் செய்வார்கள். வடிவு நிழலைக் குறைத்தாள், தூரத்து மலையை எடுத்தாள், படத்தின் கூர்மையைத் தணித்தாள், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினாள், ஒயினில் பழையதைப் போட்டாள், புதியதைப் போட்டாள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் மறக்காமல் ஒரு காரியம் செய்தாள், கேம் தன் பாட்டுக்குச் சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் குப்பை என்று ஒரு ஃபோல்டர் உண்டல்லவா, கேஷ், அதை ஒன்று விடாமல் அழித்தாள். அது அவள் கம்பெனியில் படித்த முதல் பாடம், வாடிக்கையாளர் ஃபோனில் எதைச் சொல்லி அழுதாலும் முதலில் கேஷ் க்ளியர் பண்ணுங்க சார், அப்புறம் பேசலாம், வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது அவளுக்கு வணக்கம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. அதோடு அவள் யார் பெண், டிப்போவில் மற்ற டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்க, தான் எடுக்கும் வண்டியின் கண்ணாடியைத் தானே வாளித் தண்ணீர் கொண்டு கழுவி, பழைய வேட்டித் துணியால் உள்ளும் புறமும் துடைத்து, நேத்துப் படிஞ்ச புழுதியோட இன்னைக்கு ரோட்ட பாக்கக் கூடாதுட்டி என்று சொன்னவரின் பெண், அவள் அப்போது பாவாடையைச் செருகிக்கொண்டு மட்கார்டில் ஏறி நின்று கண்ணாடியின் மூலையை விரலால் தேய்க்கிறாள், விரல் சறுக்குகிற கீச் சத்தம் கேட்கிறது, அந்தச் சத்தத்தோடுதான் இன்றைக்கும் அவள் அந்த ஃபோல்டரைத் துடைத்துவிட்டுக் கேமைத் திறக்கிறாள்.

துடைத்துத் திறந்து, இரண்டாம் தடவை அவரை உட்கார வைத்தபோது வண்டி தென்காசியிலிருந்து நன்றாகத்தான் புறப்பட்டது, அங்கங்கே சின்னச் சின்னதாக இடறியது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார், வலது கை ஸ்டியரிங்கைச் சுற்ற இடது கை அதோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறி இறங்கியது, தோளே திரும்பியது, சுவரோரம் நின்ற பியூலா வாயைப் பொத்திக்கொண்டு வடிவின் கையைப் பிடித்தாள், கயிற்றில் எத்தனை கெஞ்சியும் வராத உயரம் அது. கடையம் தாண்டியது. புளியமரம் வந்தது, நின்றது, தாவியது. அவர் முகம் வெளிறிப் போய்விட்டது, நெற்றியில் வேர்வை, பியூலா ஓடிவந்து நாடி பார்த்தாள், எல்லாம் சரியாத்தான் இருக்கு டாடி என்றாள், அவர் அவளையும் நம்பவில்லை. அந்த எடம் வந்தா வருது, பாத்தியா, அந்த மரத்துக்கிட்ட வந்தாத்தான் வருது, என் தலைக்கு அந்த எடம் தெரியுது என்று வடிவிடம் சொன்னார், சொல்லிவிட்டு, வேண்டாம்ட்டி, நாளைக்கு நெசமாவே ஒண்ணு வந்துச்சுன்னா ஒங்கம்மை தாங்க மாட்டா, இதத் தூக்கி உள்ள வையி. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை, அடுத்த நாள் பியூலா கயிற்றைக் கொண்டுவந்தபோது கண்ணைக்கூடத் திறக்கவில்லை, நடப்பதையும் குறைத்துக்கொண்டார், எந்த அடியில் நின்று போகுமோ என்று ஒவ்வொரு அடியையும் பயந்து பயந்து வைத்தார், நல்ல மனிதர் ஒருவர் தன் தலையைக் கண்டு தானே பயப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய கொடுமை, அது வடிவுக்குத் தாங்கவில்லை. மெஷின் என்று வாயால் சொல்லிப் புரியவைக்க வழியில்லை, ஓட்டிக் காட்டினால்தான் உண்டு. இன்னும் ஒரே ஒரு தடவைப்பா என்று கேட்டாள், தாவீது மாமாவையும் கூட்டிவந்து கேட்க வைத்தாள், அவர், ஒரு தடவ, அதுலயும் நின்னுச்சுன்னா பெறவு என்ன யாரும் கூப்பிடக் கூடாது, எதுக்கும் கூப்பிடக் கூடாது என்றார், எதுக்கும் என்ற சொல்லை அழுத்திச் சொன்னார், அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

அப்புறம் வந்த நாட்களில் கம்பெனியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் வடிவின் கண்முன்னே அந்த மரம்தான், ஜன்னலுக்கு வெளியே வயலில் கொக்குகள் எழுந்து அமர்கின்றன, அவை எழும்போது எங்கே நின்றுவிடுமோ என்று பார்க்கிறாள், இப்படியே போனால் தனக்கும் ஏதோ ஆகிவிடும் என்று நினைக்கிறாள். ஈரோட்டிலிருந்து ஒரு பெரியவர், ஜவுளிக் கடைக்காரர், கோபமாகக் கூப்பிட்டார், ஏனுங்க, நீங்க சொன்னாப்புலயே தெனமும் காலைல அந்தக் கேஷ அழிச்சுப்போட்டுத்தானுங்க தொறக்கறேன், தெனமும் மொத நாளு மாதிரியே ஆடி அசஞ்சு வருதே, இதென்னங்க கணக்கு என்றார். வடிவு பழகிய குரலில் சொல்லத் தொடங்கினாள், தினமும் அழிக்கக் கூடாது சார், ஏதாவது பிரச்சினை வந்தா ஒரு தடவை அழிச்சாப் போதும், அது குப்பை இல்லை சார், ஒரு தடவை பார்த்ததை ஞாபகம் வச்சுக்குது, அடுத்த தடவை உடனே காட்டணும்னுதான் வச்சுக்குது, நீங்க தினமும் அழிச்சா அது தினமும் எல்லாத்தையும் புதுசா முதல்லேருந்து, என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். ஹலோ, இருக்கறீங்ளா என்று ஈரோடு கேட்டது. இருக்கேன் சார், ரொம்ப ரொம்ப நன்றி சார். எனக்கெதுக்குங்க நன்றி, எங்க கடைக் கம்ப்யூட்டரச் சரிபண்ணிக் குடுங்க என்றார் அவர், அது நியாயமான கேள்விதான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. மற்ற மரங்கள் எல்லாம் கேமோடு சேர்ந்து வந்தவை, எங்கும் ஒரே மாதிரி, தென்காசி தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர் அவற்றைக் கற்றுக்கொண்டுவிடும், இந்தப் புளியமரம் மட்டும் அந்தப் பையன்கள் இலை இலையாகத் தனியே செய்தது, அதைப் புதிதாகப் பார்க்கும்போது எப்படி வரைவது என்று ஒயினும் லினக்ஸும் ஒன்றையொன்று கேட்டுக் கணக்குப் போட்டு முடிக்கும் வரை படம் நிற்கிறது, போட்ட கணக்கை எடுத்து அந்தக் கேஷில் பத்திரமாக வைத்துக்கொள்கிறது, அதைத்தான் இவள் தினமும் வாளித் தண்ணீர் விட்டுக் கழுவி, அப்பாவை அந்த மரத்துக்கு முன்னால் அதை முதல் முறை பார்க்கிற மெஷினோடு கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான், அவர் பார்ப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை யாராவது பார்த்துவிட வேண்டும், இடறல் எல்லாவற்றையும் முன்னால் போய் வாங்கிவிட வேண்டும்.

அவரை அம்மாவும் தாவீதும் தென்காசிக்குச் செக்கப்புக்குக் கூட்டிப் போன காலையில் வடிவு லீவு போட்டுவிட்டு ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள், நிஜத்தில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டாதவள், அரசு பஸ்ஸை எடுத்தாள். புறப்பட்டதுமே இடறியது, இடறட்டும் என்று போனாள், பெட்டிக்கடை வந்தது, நின்று பார்த்தாள், ஆட்டுக்கூட்டம் வந்தது, நின்று பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், எதையும் விடக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் படம் ஒரு தடவை நின்று தாவுகிறது, தாவிய இடைவெளியில் அவள் எங்கெங்கோ போய் விழுகிறாள், சின்னப் பிள்ளையாக இன்ஜின் மூடிமேல் விரித்த சாக்கில் உட்கார்ந்திருக்கிறாள், தொடை சுடுகிறது, அப்பாவின் முழங்கை அவள் தலையை உரசிக்கொண்டு கியருக்குப் போகிறது, தாவீது மாமா பின்னாலிருந்து ரைட் என்கிறார், கடையம் வருகிறது, ரோட்டோரத்தில் அவர்கள் வீடு, ஸ்டாப்புக்குச் சற்று முன்னால் இருக்கிறது, வாசலிலேயே அம்மா தூக்குவாளியோடு நிற்கலாம், நிற்க மாட்டாள், நின்றால் வண்டி நிற்காது, சொந்த வீட்டைத் தாண்டிப் போகும் பஸ்ஸின் பின்னாலேயே சோற்றுத் தூக்கை ஆட்டிக்கொண்டு ஸ்டாப்புக்கு நடப்பாள், நடந்துகொண்டே திட்டுவாள், ஊரே சிரிக்கும், அவர் மட்டும் சிரிக்காமல் தூக்கை வாங்கி சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். இப்போதும் வீடு வருகிறது, அந்தப் பையன்களுக்கு இது யார் வீடு என்று தெரியாது, பச்சைக் கதவு போட்டிருக்கிறார்கள், நிஜக் கதவு நீலம், வடிவு நிறுத்தாமல் தாண்டி ஸ்டாப்பில் நிறுத்தினாள், கை தானாக அப்படிச் செய்தது. அம்பை போய்த் திரும்பினாள். திரும்பும்போது வெயில் மட்டும் பார்த்தால் போதாதே என்று நினைவு வந்து மழையைப் போட்டாள், மழையின் முதல் துளிக்குப் படம் நின்றது, வைப்பரின் முதல் வீச்சுக்கு நின்றது, நனைந்த ரோட்டில் விளக்கு வெளிச்சம் விழ நின்றது, அப்படியே புளியமரத்து வளைவுக்கு வந்து சேர்ந்தாள், மரம் மழையில் நின்றது, தாவுவதற்கு முன் அந்த ஒரு மூச்சு நேரம், மரத்தடியில் ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் நிற்கிறாள்.

கேமில் இல்லை அவள், யாரும் அங்கே ஒரு பெண்ணைச் செய்து வைக்கவில்லை. தோழி வீட்டுக்குப் போய்விட்டு ஆழ்வார்குறிச்சியிலிருந்து நடந்து வந்தவள், மழை பிடித்துக்கொள்ள, புத்தகப் பையைத் தாவணிக்குள் அணைத்துக்கொண்டு மரத்தோடு மரமாக ஒட்டி நிற்கிறாள், பஸ் வருகிறது, சத்தத்திலேயே தெரியும் அது யார் பஸ் என்று, ஓடி ரோட்டுக்கு வந்து கையைக் காட்டுகிறாள், வைப்பர் விலக அப்பாவின் முகம் தெரிகிறது, அவரும் பார்த்துவிட்டார், பார்த்தது அவளுக்கு நன்றாகத் தெரியும், வைப்பர் மறுபடி வந்து முகத்தை மூடுகிறது, பஸ் அவள் மேல் சேற்றுத் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது. அவள் அடுத்த பஸ்ஸுக்கு ஸ்டாப் வரைக்கும் நனைந்துகொண்டே நடந்தாள். சாயங்காலம் வீட்டில் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, ஒனக்கு நிறுத்துனா ஊருக்கே நிறுத்தணும்ட்டி என்றார், அது நியாயம்தான் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்தும் தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். மரம் தாவியது, பஸ் வளைவைத் தாண்டியிருந்தது. வடிவு வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி அந்த மரத்தை வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து, இந்தப் பக்கமிருந்து தாண்டினாள், இப்போது நிற்கவில்லை, கிளை ஆடியது, ஆடிக்கொண்டே பின்னால் போனது. கேமை மூடினாள். கை பழக்கத்தில் அந்த ஃபோல்டருக்குப் போயிற்று, அவள் மவுஸை விட்டுவிட்டு எழுந்து வெளியே போய் வாசலில் நின்றுகொண்டாள்.

தாவீது விசிலோடு வந்தார், ரிட்டயர் ஆகியும் அதை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார், நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போலாமா அண்ணாச்சி என்றார். அப்பா வலது கையால் இடது கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தார், கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார், அம்மா திருநீற்றுக் கிண்ணத்தோடு வந்து, பூசலாமா வேண்டாமா என்று நின்று, கடைசியில் ஸ்டியரிங்குக்குப் பூசிவிட்டுப் போனாள். விசில். தென்காசி விலகியது, மத்தளம்பாறை வயல் ஓடியது, எங்கும் ஒரு இடறல் இல்லை, வடிவு திரையைப் பார்க்கவில்லை, அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடையம் வரைக்கும் அது இறுகிக் கிடந்தது, கடையம் தாண்டியதும் இன்னும் இறுகியது, காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு ஊர்ந்தார், மரம் வருகிறது, வளைவு வருகிறது, தாவீது விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார், மரம் வந்தது, கிளையை ஆட்டியது, ஆட்டிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து, கண்ணாடியில் சிறுத்து, போயிற்று. ஆழ்வார்குறிச்சி ஸ்டாப்பில் சரியாக நிறுத்திவிட்டு அவர், அப்பம் அது நான் இல்லையா என்றார், திரும்பாமலே. இல்லப்பா, மெஷின்தான். மெஷினா. ஆமாப்பா, நான்தான் அதத் தெனமும் கழுவித் தொலச்சிட்டேன். அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, மூக்கை உறிஞ்சினார், தாவீது விசிலை ஊத வேண்டியதை மறந்து சட்டைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், என்னலே, ஆள் ஏறியாச்சா இல்லையா என்று அப்பா அதட்டினார், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீடு கேட்ட அதட்டல் அது.

அம்பை போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது, கேமே போட்ட மழை, வடிவு போடவில்லை, வைப்பர் ஓடுகிறது, அவர் இப்போது சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறார், வலது கை சுற்றச் சுற்ற இடது கை மேலே போய் இறங்குகிறது, அதை அவர் மறந்தே போயிருந்தார், ஆழ்வார்குறிச்சி போயிற்று, வாய்க்கால் போயிற்று, வளைவு வந்தது, புளியமரம் வந்தது, வந்து நின்றுவிட்டது. வடிவுக்கு உள்ளே எல்லாம் இடிந்து விழுந்தது, எல்லாவற்றையும் பார்த்தேனே, மழையிலும் பார்த்தேனே, எதை விட்டேன் என்று தேடினாள், அடுத்த நொடி அதைவிடப் பெரிய பயம் வந்தது, தாவீது ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார், அண்ணாச்சி, அண்ணாச்சி, இது ஸ்டாப் இல்லையே அண்ணாச்சி என்ற குரலில் அந்த மத்தியானம் முழுக்க இருந்தது, இரண்டு பேரும் பாய்ந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள், வாய் நேராக இருந்தது, கண் கண்ணாடிக்கு அப்பால் மரத்தடியில் இருந்தது. அப்போதுதான் வடிவுக்கு மழை கண்ணில் பட்டது, மழை பெய்துகொண்டிருந்தது, வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது, மரத்தின் ஒவ்வொரு இலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஒன்றும் நிற்கவில்லை, பஸ் மட்டும்தான் நின்றிருந்தது, ஹேண்ட் பிரேக் போட்டு, ஓரங்கட்டி, அவர் நிறுத்தி நின்றிருந்தது. அவருடைய இடது கட்டைவிரல் ஸ்டியரிங்கின் மேல் நடுங்கியது, நகர முடியாமல் நகர்ந்தது, பட்டனைத் தேடி அதன் மேல் ஏறி அமுக்கியது, புஸ்ஸென்று காற்றுச் சத்தத்தோடு பஸ்ஸின் கதவு திறந்தது. எவ்வளவு நேரம்ட்டி நனைவ, ஏறு என்றார். கூடத்தில் நனையாத உடையோடு நின்ற வடிவு தாவணியைப் பிடிப்பது போல நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள், புளியமரம் மழையில் நின்றுகொண்டிருந்தது, அவள் ஏறுகிற வரைக்கும் நிற்கும்.